ஜகதீச சந்திர வஸுவும் சிற்றலைகளும்

ஸர் ஜகதீச சந்திர வஸுவின் பெயரைக் கேட்டமாத்திரத்தில் நம்மவரில் பெரும்பாலாருக்குத் தொட்டாற்சுருங்கிச் செடியே நினைவுக்கு வருகிறது. செடி கொடிகளுக்கும் உணர்ச்சி உண்டென்று காட்டியவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததோடு நின்றுவிடுகிறோம். அதற்கு முன், 1894-ம் வருஷ முடிவு முதல் 1900 வரையில், மின்சார அலைகளைப்பற்றி அவர் செய்த வேலையை அறிந்தவர் சிலரே. ஆயினும், இன்று உலகெங்கும் ஆன்டெனா அமைக்கும் எஞ்சினீயர்கள் நாள்தோறும் கையாளும் உறுப்புக்களில் பல, கல்கத்தா ராஜதானிக் கலாசாலையின் ஒரு மூலையில் தகரத்தையும் கந்தகத்தையும் சணலையும் கொண்டு அவர் செய்து பார்த்தவையேயாகும். எந்த அதிர்வெண்ணில் அளப்பது, எத்தனை இடங்களில் அளப்பது, அளக்காத இடத்தைப்பற்றி எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்னும் கேள்விகள் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் எஞ்சினீயரையும் விடவில்லை. அக்கேள்விகளை வஸு எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை அவருடைய சரிதத்தோடு சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம்.

வஸு 1858-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி, இப்போது வங்க தேசத்தைச் சேர்ந்திருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். வங்காளத்தார் வஸு என்று வழங்கும் குலப்பெயரையே ஆங்கிலேயர் போஸ் என்றாக்கினர். தந்தையார் பகவான் சந்திர வஸு ஸர்க்கார் உத்தியோகஸ்தர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போவதே கௌரவமாக இருந்தது. பகவான் சந்திரரோ, தாய்பாஷையைக் கற்காதவன் தன் ஜனங்களை அறியமாட்டான் என்ற கொள்கையுடையவர். ஆதலின் மகனை வங்காளிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே செம்படவர் மகனும் முஸ்லிம் சேவகர் மகனும் ஜகதீசருக்குத் தோழர்கள். பள்ளிக்குத் தூக்கிச் சென்றவனோ ஒரு பழைய கொள்ளைக்காரன்! தாமே சிறைக்கனுப்பிய அவனை, விடுதலையானபின் பிழைப்புக்கு வழியில்லையென்று வந்தபோது, பகவான் சந்திரர் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பின்னர் கல்கத்தாவில் ஸெயின்ட் ஸேவியர் கலாசாலையில் லபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்றார். பரிசோதனைகளை மாணவர் கண்முன் செய்து காட்டிப் போதிப்பதில் அப்பாதிரியார் பெயர் பெற்றவர். வஸுவின் கை பழகியது அவரிடமே. 1880-ல் வைத்தியம் கற்க லண்டன் சென்றார். விடாத காய்ச்சலும் பிண அறுவைச் சாலையின் நாற்றமும் அப்படிப்பைக் கைவிடச் செய்தன. கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கலாசாலையிற் சேர்ந்து ராலே பிரபுவிடம் பௌதிகம் பயின்று, 1884-ல் கேம்பிரிட்ஜ், லண்டன் இரு சர்வகலாசாலைகளின் பட்டங்களையும் பெற்றார்.

1885-ல் தாய்நாடு திரும்பியதும் வந்தது சோதனை. வைஸிராயாக இருந்த ரிப்பன் பிரபுவின் சிபாரிசு இருந்தும், கல்வி இலாகாவினர் ராஜதானிக் கலாசாலையில் வேலை கொடுக்கத் தயங்கினர். தத்துவம் பேசவும் கவி பாடவும் இந்தியனுக்கு வரும். துல்லியமாக அளந்து அறியும் சாஸ்திரம் அவனுடைய சுபாவத்துக்கு ஒத்ததன்று என்பது அவர்களுடைய கருத்து. வேண்டாவெறுப்பாகத் தற்காலிக உத்தியோகம் கொடுத்தார்கள். வெள்ளையருக்குரிய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. தற்காலிகமென்பதால் அதிலும் பாதி. அதாவது ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைச் சொல்லும் இருவரில் ஒருவருக்கு மூன்று ரூபாயென்றால் மற்றவருக்கு ஒரு ரூபாய். வஸு சண்டை போடவில்லை, உத்தியோகத்தை விடவுமில்லை. சம்பளத்தைத் தொடுவதில்லையென்று தீர்மானித்து மூன்று வருஷம் ஒரு காசும் வாங்காமல் பாடம் நடத்தினார். தந்தையோ ஜனங்களுக்காக ஆரம்பித்த தொழில் முயற்சிகளில் நஷ்டமடைந்து கடனில் மூழ்கியிருந்த சமயம் அது. 1887-ல் அபலா தேவியை மணந்துகொண்டதும் இக்கஷ்டத்தின் நடுவிலேயே. (அவ்வம்மையார் வைத்தியம் கற்பதற்காக நமது சென்னைக்கு வந்து, உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்காமல் திரும்பியவர்.) முடிவில் ஸர்க்கார் இணங்கி, உத்தியோகத்தை நிரந்தரமாக்கி, மூன்று வருஷச் சம்பளத்தையும் முழு விகிதத்தில் ஒருசேரக் கொடுத்தார்கள். அப்பணம் தந்தையின் கடனுக்குப் போயிற்று. ஒத்துழையாமை என்னும் பெயர் பிறப்பதற்கு முப்பது வருஷங்களுக்கு முன் நடந்த சங்கதி இது.

சம்பளத் தகராறு தீர்ந்ததேயன்றி ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கவில்லை. குளியலறையை அடுத்து 24 சதுர அடியுள்ள ஒரு சிறு தடுப்பே அவருடைய பரிசோதனைச்சாலை. கருவி செய்து கொடுக்க, எழுதப் படிக்கத் தெரியாத தகரக் கொல்லர் ஒருவரைத் தாமே பழக்கிக்கொண்டார். 1894-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, முப்பத்தாறு வயது நிறைந்த அன்று, இனித் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே உரியதாக்குவதென்று உறுதி கொண்டார்.

அப்போது விஞ்ஞானிகள் மத்தியில் பேச்செல்லாம் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியரைப் பற்றியது. ஒளியும் மின்சார அலையும் ஒரே இனமென்று மாக்ஸ்வெல் கணக்கால் கண்டிருந்தார். ஹெர்ட்ஸ் 1887, 1888-ம் வருஷங்களில் அவ்வலைகளைப் பொறியால் உண்டாக்கிக் காட்டினார். ஆனால் 1894-ம் வருஷம் பிறந்த அன்றே, 36 வயதில், காலமாகிவிட்டார். அவர் கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் கீல் வார்த்துச் செய்த பட்டகம் ஐந்தடி உயரமும் சுமார் 600 கிலோகிராம் எடையும் உள்ளது. ஏன் அவ்வளவு பெரிது? அவர் பயன்படுத்திய அலையின் நீளம் சுமார் 66 ஸென்டிமீட்டர். அலையைவிடப் பட்டகம் பெரிதாயிராவிட்டால், அலை அதன் ஓரங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வளைவையும் திருப்பத்தையும் திருத்தமாக அளக்க இயலாது.

இங்கேதான் வஸுவின் புத்தி வேலை செய்தது. கருவியைப் பெரிதாக்க அவரிடம் இடமில்லை, பணமில்லை. ஆகவே அலையைச் சிறிதாக்கினார். இடமில்லாமையே இதற்குக் காரணமென்று சொல்லிவிடலாகாது. ஒளிக்குரிய குணங்கள் மின்சார அலைக்கும் உண்டா என்ற கேள்விக்கு, ஒளியை நோக்கி இறங்கிப்போவதே வழி என்று அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். சிறு உலோக உருண்டைகளுக்கிடையே பொறியை உண்டாக்கி, 2.5 ஸென்டிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளைப் பெற்றார். அலை ஒரு வினாடியில் எத்தனை முறை அதிருகிறதோ அதுவே அதிர்வெண். அவ்விதம் எண்ணினால் வஸுவின் அலைகள் வினாடிக்கு 1,200 கோடி முதல் 6,000 கோடி அதிர்வுகளுள்ளவை. ஒரு பக்கம் விரிந்த நாற்கோணத் தகரக் குழலொன்றை அலைகளை வாங்கும் வாயாக வைத்தார். இன்று கொம்பு ஆன்டெனா என்று சொல்லப்படுவது அதுவே. ஐந்து ஸென்டிமீட்டர் வாயுள்ள ஒரு கொம்பு 5 மில்லிமீட்டர் அலைக்குப் பத்து மடங்கு அகலமுடையது; ஆகையால் அலையை ஒரே திசையில் குவித்து வாங்கும். ஹெர்ட்ஸின் அலைக்கு அதே பலன் வேண்டுமானால் வாய் ஆறரை மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். யானை நுழையும் வாசலைவிட அது பெரிது!

இவ்வாறாக ஹெர்ட்ஸுக்குக் கூடம் கொள்ளாத கருவித் தொகுதி வஸுவுக்கு ஒரு மேஜைமேல் அடங்கிற்று. முறுக்கிய சணற்கற்றை, அலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் கருவியாயிற்று. சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவதை விளக்க அவர் கண்ட உபாயம் அது. ரயில் நேரம் பார்க்கும் பிராட்ஷா புத்தகத்தின் ஏடுகளே ஒரு திசையில் அதிரும் அலையைத் தடுத்து மறு திசையில் அதிருவதை விட்டுக்கொடுத்தன. 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையால் தூரத்திலிருந்த மணியை அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். ஜனங்கள் அதை ஜாலவித்தைபோல் கண்டு களித்தனர்.

ஆனால் அவருடைய பெருமைக்கு ஆதாரம் அந்த மணியோசையன்று, அளவுகளே. ஒரு திருஷ்டாந்தம் சொல்லுவோம். கண்ணாடியுள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறதென்பதைக் காட்டும் விலகல் எண் சுமார் 1.5 என்பது மாணவனும் அறிந்தது. ஒளியும் மின்சார அலையும் ஒரே இனமென்றால், மின்சார அலைக்கும் 1.5 என்றே வைத்துக் கணக்குச் செய்யலாமல்லவா? வஸு அவ்விதம் வைத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை அரை உருளைகளாக அமைத்து, எந்தக் கோணத்தில் அலை வெளியேறாமல் முற்றும் திரும்புகிறதென்று அளந்து, தம் அலைகளுக்கு அவ்வெண் சுமார் 2 என்று கண்டார். வித்தியாசம் அற்பமென்று நினைக்கவேண்டாம். ஒரு புறம் தட்டையான கண்ணாடி வில்லை 1.5 என்ற கணக்கில் வளைவின் ஆரத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில் அலையைக் குவிக்கும். 2 என்ற கணக்கில் ஆரத்தின் தூரத்திலேயே குவித்துவிடும். புத்தக எண்ணை நம்பி வாங்கியை வைத்தவன் பாதி வழி தப்பிய இடத்தில் வைத்தவனாவான். அலையின் நீளத்தையும் அவர் பொறி உருண்டையின் அளவிலிருந்து கணக்கிட்டு விட்டுவிடவில்லை. உலோகப் பட்டைகளாலான வளைந்த கிராதி ஒன்றைச் செய்து நேரே அளந்தார்.

மற்றொன்று. இரண்டு பட்டகங்களைச் சிறு காற்றிடைவெளி விட்டு எதிரெதிரே வைத்தால், முழுவதும் திரும்பவேண்டிய அலையில் ஒரு பகுதி அவ்விடைவெளியைத் தாண்டி மறுபட்டகத்துள் கசியும். இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் கசிவும் குறைந்து கூடும். அலைநீளம் மாறினால் வேண்டிய இடைவெளியும் மாறுமா? வஸு வெவ்வேறு அளவுள்ள பொறி உருண்டைகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு அலைநீளத்திலும் தனித்தனியே அளந்து, அலை நீள நீள இடைவெளியும் அதிகமாகவேண்டுமென்று 1897-ல் வெளியிட்டார். இன்று எஞ்சினீயர்கள் அதிர்வெண் வரிசையை அடிமுதல் முடிவரை நடந்து பார்ப்பது என்று சொல்லும் காரியத்தை அவர் கையால் செய்தது இவ்விதமே.

இக்காலத்து நடைமுறையைச் சற்றே பார்ப்போம். இப்போது ஆன்டெனாவைத் தகரத்தில் வெட்டுமுன் கணிப்பொறியில் அதன் உருவத்தை வரைந்து, மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை அதன்மேல் தீர்க்கிறார்கள். ஆனால் ஒரு தடவை தீர்த்தால் ஓர் அதிர்வெண்ணுக்கே விடை கிடைக்கும். வஸுவின் எல்லையையே எடுத்துக்கொண்டு, 1,200 கோடியிலிருந்து 6,000 கோடி வரை பத்துக் கோடிக்கு ஒன்றாகத் தீர்ப்பதானால் 481 தடவை தீர்க்கவேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷமென்று வைத்துக்கொண்டால், மூன்று நாளைக்கு மேல் பொறி ஓயாமல் ஓடவேண்டும். தனித்தனிப் புள்ளியாகத் தீர்க்கும் இம்முறையில் அப்புள்ளிகளின் விடைகள் ஒன்றன் பிழை மற்றொன்றைத் தொடாதவை. ஆயின் இரு புள்ளிகளுக்கு நடுவில் ஆன்டெனா கூர்மையாக ஒத்ததிர்ந்தால் அது கண்ணில் படாமலே போய்விடும்.

ஆகையால் இடைக்கணிப்பு முறை ஏற்பட்டது. சில இடங்களில் மாத்திரம் தீர்த்து, அவற்றினூடே செல்லும் வளைகோட்டை இரண்டு பல்லுறுப்புக் கோவைகளின் விகிதமாக அமைத்து, கோடு ஐயத்துக்கிடமாயுள்ள இடத்தில் மேலும் ஒரு புள்ளியைத் தீர்த்துச் சரிபார்த்துக்கொண்டே போவது அது. இருபத்தைந்து புள்ளிகள் போதுமானால் மூன்று நாள் வேலை சுமார் நாலு மணி நேரத்தில் முடியும். அகன்ற எல்லைக்கு இதுவே உகந்தது. மூன்றாவது, விரைவு முறை. நடு அதிர்வெண்ணில் ஒரு தடவை முழுதும் தீர்த்து, அதைக்கொண்டே இரு பக்கமும் விடையை விரித்துச் செல்வது அது. எல்லை குறுகலாகவும் ஒத்ததிர்வு கூர்மையாகவும் உள்ள இடத்தில், ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அலையின் பரவலை அறிய அது மிகவும் பயன்படும். நடுவைவிட்டு வெகுதூரம் விலகினால் நம்பிக்கை தளரும்.

மூன்றில் எதைக் கொள்வதென்பது வேகத்தை மட்டும் பொறுத்த விஷயமென்று இளைஞர் பலர் எண்ணுகிறார்கள். எல்லை எவ்வளவு அகலம், ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை, வேண்டியது வாங்கியின் முனையில் தெரியும் பிரதிபலிப்பு மாத்திரமா அல்லது எல்லாத் திசையிலும் அலை பரவும் விதமா என்று முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. கண்ணாடி, பிசின், பலகை ஆகியவற்றின் குணம் எல்லை முழுவதும் ஒரே எண்தான் என்று கணிப்பொறிக்குச் சொல்லிவிட்டால், எம்முறையும் அப்பொய்யையே வழவழப்பான கோடாக வரைந்து கொடுக்கும். கண்ணாடிக்கு 1.5 என்று எழுதிவிட்டு இடைக்கணிப்பு செய்பவனுக்கு 481 புள்ளியும் ஒன்றே, இருபத்தைந்தும் ஒன்றே. வஸு கண்ட 2 என்னும் எண்ணை எந்தக் கோவையும் தானே கண்டு சொல்லாது. அந்த அலையிலேயே அளந்தவன்தான் சொல்லமுடியும்.

வஸுவின் பொறி உருண்டைகளுக்கும் ஒரு குறை இருந்தது. பொறியால் எழும் அலை வீணைத் தந்தியைப்போல ஒரே சுருதியில் நீடிப்பதன்று. மேளத்தில் விழும் அடியைப்போலச் சட்டென்று ஓய்வது. பல அதிர்வெண்கள் கலந்தது. அச்சிறு அலைகளைச் சுருதி தவறாமல் இடைவிடாது உண்டாக்கும் குழல்கள் பின்னரே தோன்றின. அவற்றுள் பெயர்பெற்ற கிளிஸ்ட்ரான் அமெரிக்காவில் 1937-ல், வஸு காலமான வருஷத்தில்தான், உருவாயிற்று. அப்படியிருந்தும் அவருடைய எண்கள் நிலைத்தனவென்பதே வியப்பு.

1896-ல் லண்டன் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தம் கருவிகளை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். சுபாவத்திலேயே அளக்கத் தெரியாத ஜாதியென்று ஒரு இலாகா எழுதிவைத்திருந்த தீர்ப்பு, அந்த மேஜைமேல் இருந்த தகரக் குழலால் தள்ளுபடியாயிற்று. ஆங்கில விஞ்ஞானிகளே அவருக்கு நல்ல பரிசோதனைச்சாலை அமைத்துக் கொடுக்கவேண்டுமென்று ஸர்க்காரைக் கேட்டுக்கொண்டனர். அது வந்து சேர்ந்தபோது வஸு ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். ஸர்க்கார் கடியாரம் அவ்வளவு மெதுவாக ஓடிற்று.

கம்பியில்லாத் தந்தியைக் கண்டவர் வஸுவே, மார்க்கோனி அதைத் திருடினார் என்று நம்மவரில் சிலர் ஆவேசமாகப் பேசுவதுண்டு. அதை நாம் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை. வஸுவுக்கு அது தேவையுமில்லை. மார்க்கோனி தூரத்தை நாடியவர். ஆதலின் பூமியின் வளைவைத் தழுவிச் செல்லும் நீண்ட அலைகளைத் தேர்ந்தார். வஸு உண்மையான அளவை நாடியவர். ஆதலின் சிற்றலைகளைத் தேர்ந்தார். 5 மில்லிமீட்டர் அலையைக் காற்றிலுள்ள பிராணவாயுவே விழுங்கிவிடும். அதைக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடப்பது எவராலும் ஆகாது. ஆனால் 1901-ல் அட்லாண்டிக்கைக் கடந்து வந்த செய்தியை வாங்கிய பாதரசக் கருவி, வஸு 1899-ல் ராயல் சங்கத்தில் வெளியிட்ட கருவியின் வழியில் வந்ததென்று 1998-ல் அமெரிக்க எஞ்சினீயர் சங்கப் பத்திரிகையில் விரிவான ஆராய்ச்சி வெளியாயிற்று. அந்தக் கடனைப் பேசுவது நியாயம்.

1901-ல் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் பெரும்பணம் தருவதாக வலிய வந்தபோது வஸு மறுத்துவிட்டார். நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனா என்னும் ஈயக் கனிப்பொருளைக்கொண்டு செய்த அலைவாங்கிக்கு மாத்திரம் அமெரிக்காவில் 1904-ல் உரிமைப் பத்திரம் பெறப்பட்டது. அதையும் பயன்படுத்தாமலே காலாவதியாகவிட்டார். இது தேசத்துக்கு லாபமா நஷ்டமா என்று இன்றும் வாதிக்கலாம். உரிமைப் பணத்தால் ஒரு ஸ்வதேசிக் கருவித் தொழிற்சாலை ஏற்பட்டிருக்கக் கூடுமென்று நினைப்போரின் கட்சியை நாம் அலட்சியம் செய்யவில்லை. வஸு அறிவை விலைபேசுவதை வெறுத்தார், அவ்வெறுப்பு உண்மையானது.

அலைவாங்கிகள் இடைவிடாது உழைத்தால் சோர்ந்து, ஓய்வு கொடுத்தால் மீளுவதைக் கண்டதிலிருந்தே அவருடைய மனம் உலோகத்திலிருந்து தாவரத்துக்குத் திரும்பியது. பிந்திய முப்பத்தைந்து வருஷ வேலை அது. அதில் அவர் சொன்னவை அனைத்தையும் உலகம் ஏற்கவில்லை. கருவிகளின் நுட்பத்தை மாத்திரம் யாரும் மறுக்கவில்லை. 1917-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, தம் பிறந்தநாளில், கல்கத்தாவில் வஸு விஞ்ஞான மந்திரத்தை ஸ்தாபித்து, அதில் காணும் உண்மைகள் எல்லாருக்கும் பொதுவென்றும் உரிமைப் பத்திரம் எடுப்பதில்லையென்றும் விதித்தார். 1920-ல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1937-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி கிரிதியில் காலமானார். இன்னும் ஏழு நாள் இருந்திருந்தால் எழுபத்தொன்பது வயது நிறைந்திருக்கும்.

அவருடைய சிற்றலைகள் அரை நூற்றாண்டு உறங்கின. பின்னர் யுத்தமும் ரேடாரும் உலகத்தை அவற்றின்பால் திருப்பின. வினாடிக்கு 6,000 கோடி அதிர்வுள்ள அலை, பிராணவாயு விழுங்குவதாலேயே அடுத்த வீட்டுக்குத் தொல்லை தராமல் ஒரே அறைக்குள் செய்தி அனுப்ப உதவுகிறது. அமெரிக்காவில் அரிஸோனாவிலுள்ள கிட் சிகரத்தில் 12 மீட்டர் ரேடியோத் தூரதர்சினிக்கு 1990-ம் ஆண்டுகளில் புதிய வாங்கி அமைத்த நிபுணர்கள், அலையின் பலத்தைக் கூட்டிக் குறைக்க வஸுவின் இரட்டைப் பட்டகக் காற்றிடைவெளியையே அவருடைய 1897-ம் வருஷக் கட்டுரைகளிலிருந்து எடுத்துக்கொண்டனர். கட்டுரையில் எண்கள் இருந்தன. உரிமைப் பத்திரம் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.